இரண்டடி தள்ளி ஒரு நெருப்பு

வாய் கோணிப்போன அன்று காலையில்தான் என் வாழ்க்கையிலேயே பெரிய சிரிப்பு எனக்குக் கிடைத்தது.

தாராவியில், வரிசையாக ஒற்றை அறை வீடுகள் கொண்ட எங்கள் சாலுக்கு ஒரே பொதுக் குழாய். விடிந்தும் விடியாமலும் தண்ணீர் வரும். குடத்தோடு பெண்கள் ஒரு பக்கம், பல் துலக்கும் ஆண்கள் ஒரு பக்கம். நான் வாய் நிறையத் தண்ணீரை வாங்கிக் கொப்பளிக்கப் பார்த்தேன். முடியவில்லை. ஓட்டைச் சட்டியில் ஊற்றியது போல இடது பக்கமாக ஒழுகிச் சட்டையை நனைத்தது. மறுபடி வாங்கினேன். மறுபடி ஒழுகியது.

"எல்லாரும் பாருங்க, கோமதி அண்ணாச்சி இன்னைக்குப் புது வேசம் கட்டியிருக்காவ!" என்று யாரோ சொல்ல, குழாயடியே குலுங்கியது.

அவர்கள்மேல் தப்பில்லை. ரயிலில் டிக்கெட் கேட்பவர், வெள்ளி கொடுக்கும் சேட், சாலுக்கு வாடகை வசூலிக்க வரும் ஆள் என்று யாரைப் பார்த்தாலும் ஒரே நிமிஷத்தில் அவர் முகத்தை என் முகத்தில் கொண்டுவந்துவிடுவேன். ஊரிலேயே நாடகத்துக்குப் போயிருக்க வேண்டிய ஆள் என்று சாலில் சொல்லுவார்கள். ஊரில் இருக்கும்போது யாரும் அப்படிச் சொன்னதில்லை. "ஏய், பொய்யில்லப்பா, மெய்யாத்தான்" என்று கத்தினேன். உதடு ஒட்டாததால் 'பொய்' என்பது 'ஹொய்' என்று வந்தது. சிரிப்பு இரண்டு மடங்காகியது. ஒரு கிழவர் குடத்தைக் கீழே வைத்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

வீட்டுக்குள் போனேன். என் மனைவி இசக்கி என்னை ஒரு பார்வை பார்த்தாள். அவளுடைய அண்ணனுக்குச் சின்ன வயதிலிருந்தே வாய் கொஞ்சம் கோணல்.

"காலங்காத்தால எங்க அண்ணனப் பழிக்கியளா? அவன் ஒங்கள என்ன செஞ்சான்?" என்று காப்பி டம்ளரை டங்கென்று வைத்தாள்.

நான் எடுத்துக் குடித்தேன். பாதிக் காப்பி மோவாயில் வழிந்து நெஞ்சுக்குப் போனது. அப்போதுதான் அவள் நின்று பார்த்தாள். கிட்டே வந்து, "கண்ண மூடுங்க" என்றாள். மூடினேன். வலது கண் மூடியது. இடது கண் திறந்தபடியே அவளைப் பார்த்துக்கொண்டிருந்தது.  அவள் சிரிக்காததைப் பார்த்த பிறகுதான் எனக்கே பயம் வந்தது.

எனக்குப் பயம் வந்தால் பேச்சு அதிகமாகும். இந்தத் தடவை பேச்சுக்கும் வழியில்லை. வெளியே போக வாசல் இல்லாத பயம் உள்ளேயே சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டது.

முகம் கோணினால் மற்றவர்களுக்கு அழகுதான் போகும். எனக்குத் தொழிலே போகும். நான் வெள்ளிக் கொலுசு செய்கிறவன். முன்பு தங்க வேலை; தங்கக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தபோது எங்கள் ஆட்களில் பாதிப்பேர் வாட்ச்மேனாகவும் பெட்டிக்கடையாகவும் கலைந்துபோனார்கள், நான் வெள்ளிக்கு மாறினேன். கொலுசின் ஒவ்வொரு வளையத்தையும் ஒட்டவைக்கப் பொடி என்று ஒன்று உண்டு. வெள்ளியோடு பித்தளையைச் சேர்த்து உருக்கி, அரத்தால் ராவி எடுத்த தூள் அது. அதை இணைப்பில் வைத்து, விளக்குச் சுடரை ஊதுகுழலால் ஊதி அதன்மேல் பாய்ச்ச வேண்டும். சூடு சரியாக ஏறினால் பொடி பளிச்சென்று உருகி ஓடும். ஓடினால் ஒட்டியது என்று அர்த்தம். இடது கையில் குழல், வலது கையில் இடுக்கி. மூக்கால் மூச்சை வாங்கிக்கொண்டே கன்னத்தில் நிற்கும் காற்றை விடாமல் தள்ள வேண்டும். கன்னம்தான் துருத்தி. அந்தத் துருத்தியில் ஒரு பக்கம் கிழிந்துவிட்டது.

சாலில் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். காத்துக்கருப்பு அறைந்துவிட்டது என்றார் ஒருவர். முந்தின நாள் கல்யாண் ஸ்டேஷன் வரைக்கும் போய்ச் சரக்குக் கொடுத்துவிட்டு ரயில் வாசலில் காற்று வாங்கிக்கொண்டே வந்தேன், அந்தக் காற்றுதான் என்றார் இன்னொருவர். இசக்கி ஒரு ஜாதிக்காயை வாங்கி இடது கன்னத்தில் அடக்கிக்கொள்ளச் சொன்னாள். அது நிற்காமல் விழுந்தது. மூன்றாவது தடவை விழுந்தபோது அதை எடுத்துக் கழுவிவிட்டு, "மைதீன் அண்ணனக் கூட்டிக்கிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்க" என்றாள்.

மைதீன் மேலப்பாளையத்துக்காரர். எங்கள் சந்தில் தோல் பெட்டி தைக்கும் பட்டறை வைத்திருக்கிறார். எனக்குத் தெரிந்த இந்தி காய்கறிக்கடையோடு சரி. அவருக்குப் போலீஸ்காரரிடம் வாதாடும் அளவுக்கு வரும். பெரிய ஆஸ்பத்திரிக்குப் பஸ்ஸில் போனோம். கேஸ் பேப்பர் எழுதி வாங்கவே மத்தியானமாகிவிட்டது. பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாரும் உடம்பில் ஏதோ ஒரு இடத்தைக் கையால் பிடித்துக்கொண்டிருந்தார்கள். நானும் கன்னத்தைப் பிடித்துக்கொண்டேன். பல்வலிக்காரன் என்று நினைத்து ஒரு மராத்திக்கார அம்மா எனக்குக் கிராம்பு கொடுத்தாள்.

டாக்டர் இந்தியில் ஏதோ கேட்டார்.

"நெத்தியச் சுருக்கச் சொல்லுதாரு வே" என்றார் மைதீன். "சேட்டு கூலியக் கொறச்சிட்டான்னு நெனச்சுக்கிடும். தானாச் சுருங்கும்."

சுருக்கினேன். வலது பாதி சுருங்கியது. இடது பாதி இஸ்திரி போட்ட துணி போல இருந்தது. டாக்டர் "அச்சா" என்று தலையாட்டினார்.

"நல்லதாம்" என்றார் மைதீன்.

"எது வே நல்லது?"

"நெத்தி சுருங்காததுதான் நல்லதாம்."

ஒரு காரியத்தைச் செய்ய முடியாததற்காக என்னை ஒருவர் பாராட்டியது அதுவே முதல் தடவை. விஷயம் இதுதான்: மூளையில் அடைப்பு வந்து முகம் கோணினால் நெற்றி தப்பித்துக்கொள்ளும். நெற்றியும் சேர்ந்து விழுந்தால் கோளாறு மூளையில் இல்லை, முகத்துக்கு வரும் நரம்பில். அந்த நரம்பு காதுக்குப் பின்னால் எலும்புக்குள் இருக்கும் ஒரு குறுகலான சந்து வழியாக வருகிறது. அது வீங்கினால் அந்தச் சந்திலேயே நெரிபடும். நெரிபட்டால் அந்தப் பக்கத்து முகம் வேலைநிறுத்தம் செய்யும். முகவாதம் என்று பெயர். கை கால் விழாது, உயிருக்கு ஆபத்தில்லை. பெரும்பாலானவர்களுக்குத் தானாகத் திரும்பி வரும்.

"பெரும்பாலானவங்கன்னா, மிச்சப்பேரு?" என்று கேட்கச் சொன்னேன்.

மைதீன் கேட்டார். டாக்டர் சொன்னது நீளமாக இருந்தது. மைதீன் எனக்குச் சொன்னது சின்னதாக இருந்தது. "அவங்களும் உசுரோடதான் இருக்காங்களாம்."

மாத்திரை எழுதினார்கள். மூடாத கண்ணுக்குக் களிம்பும் கட்டும் கொடுத்தார்கள்; இமை மூடாவிட்டால் கண் காய்ந்து புண்ணாகிவிடுமாம். தினமும் வந்து சிவப்பு விளக்கின் வெளிச்சம் வைத்துக்கொள்ளச் சொன்னார்கள்.

"எங்க வே போறீருன்னு யாராவது கேட்டா, சிவப்பு வெளக்குக்குன்னு மட்டும் சொல்லிப்புடாதிரும்" என்றார் மைதீன். "இது பம்பாய்."

அந்த அறையை வார்டு பாய்கள் 'சேக்' அறை என்பார்கள். சேக் என்றால் ஒத்தடம். திரைகள் தொங்கும், திரைக்கு ஒரு கட்டில், கட்டிலுக்கு ஒரு விளக்கு. உருளைக் காலில் நிற்கும் உயரமான தண்டு, அதன் உச்சியில் கவிழ்த்த சட்டி போல ஒரு மூடி, அதற்குள் தணல் நிறத்தில் எரியும் பெரிய பல்பு. முதல் நாள் அதைப் பார்த்ததும் ஏதோ சொந்தக்காரரைப் பார்த்தது போல இருந்தது. நெருப்புக்கு முன்னால் உட்கார்ந்தே வயதானவன் நான்.

அங்கே வேலை பார்த்த பெண் மாட்டுங்காக்காரி, வசந்தா. தமிழ் பேசியதும் எனக்குப் பாதி குணமாகிவிட்டது. முதலில் இரண்டு கண்ணாடிக் குழாய்களை எடுத்தாள், ஒன்றில் வெந்நீர், ஒன்றில் குளிர்ந்த நீர். மாற்றி மாற்றிக் கன்னத்தில் வைத்து எது சூடு, எது குளிர்ச்சி என்று கேட்டாள். தோலுக்குச் சூடு தெரியாதவர்களுக்கு விளக்கு வைக்கக் கூடாதாம், வெந்தாலும் அவர்களுக்குத் தெரியாது.

"இது சூடு. இது பச்சத்தண்ணி. ரெண்டயும் கலந்தா முகம் கழுவிக்கிடலாம்" என்றேன்.

"தோல் நன்னா இருக்கு. வாயும் நன்னா இருக்கு" என்றாள். "இதப் பாருங்கோ, இதுக்கு இன்ஃப்ராரெட்னு பேரு. வெயில்லேருந்து வெளிச்சத்த எடுத்துட்டு சூட்ட மட்டும் வெச்சிண்டா எப்படி இருக்கும்? அதான். விளக்கு ரெண்டடி தள்ளித்தான் நிக்கும். இதமா இருக்கணும். சுடறதுன்னு தோணினா உடனே சொல்லணும். ஜாஸ்தி சூடு வெச்சா ஜாஸ்தி குணம்னு கெடையாது. நரம்பு அது பாட்டுக்குத் தானாத்தான் வரணும். அது வர்றவரைக்கும் சதை வெறைச்சுப் போகாம நாம பாத்துக்கறோம், அவ்வளவுதான்."

"நான் நெருப்புப் பக்கத்துலயே பொறந்தவம்மா."

"நீங்க பொறந்திருக்கலாம். உங்க கன்னம் இப்பத்தான் வந்திருக்கு."

இரண்டு கண்களின் மேலும் நனைத்த பஞ்சை வைத்தாள். விளக்கு எரிந்தது. உண்மையிலேயே சுகமாக இருந்தது, மழை விட்ட மறுநாள் வெயிலில் உட்கார்ந்தது போல. பிறகு தாடையிலிருந்து மேல்நோக்கிக் கன்னத்தைத் தடவிவிட்டாள். ஒரு சின்னப் பெட்டியிலிருந்து கரண்ட் வைத்து, என் அனுமதி இல்லாமலே என் உதட்டைத் துடிக்கவைத்தாள். கடைசியில் கண்ணாடி முன் உட்காரவைத்து, என் உதட்டின் இடது ஓரத்தை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு, "இப்ப ஊதுங்கோ" என்றாள். எதிரில் ஒரு மெழுகுவர்த்தி. அவள் பிடித்திருக்கும்போது சுடர் ஆடும். விரலை எடுத்தால் காற்று ஓரமாக நழுவிவிடும். சுடர் என்னைக் கண்டுகொள்ளாமல் நேராக நிற்கும்.

தினமும் போனேன். தினமும் சுடர் நேராக நின்றது.

ஒரு நாள் சேட் வந்தார். நான் தினமும் நடித்துக்காட்டி வந்த அதே முகத்தோடு எங்கள் ஒற்றை அறை வாசலில் நின்று என்னைப் பார்த்தார். நல்ல மனுஷன், பார்வையை உடனே பட்டறைப் பக்கம் திருப்பிக்கொண்டார். மழைக்காலம் முடியப்போகிறது, தீவாளிக்குக் கொலுசு கேட்டுக் கடைகள் துளைக்கின்றன, அவர் கொடுத்த வெள்ளி என் பெட்டியில் தூங்குகிறது. "தீவாளி தக்" என்றார். அதுவரைதான் பார்ப்பார். அப்புறம் வெள்ளி குர்லாவில் ஒரு பட்டறைக்குப் போகும், வெள்ளியோடு இனி வரும் வேலையும் போகும்.

மறுநாள் வசந்தாவைக் கேட்டேன். "எப்பம்மா வரும்?"

"சிலருக்கு மூணு வாரம். சிலருக்கு மூணு மாசம்."

"எனக்கு?"

"உங்க நரம்பக் கேளுங்கோ. என்கிட்ட அது பேசறதில்லே."

அன்றைக்குப் பஞ்சுக்கு அடியில் இருட்டில் படுத்துக்கொண்டு யோசித்தேன். நான் யோசித்தால் பட்டறைக்காரன் போலத்தான் யோசிப்பேன். பொடி ஓடவில்லை என்றால் என்ன செய்வோம்? பொடியைத் திட்ட மாட்டோம். சுடரைக் கிட்டே கொண்டுவருவோம். தூரத்தில் காட்டினால் வெள்ளி வெறுமனே கறுத்துப்போகும், ஓடாது. இந்தப் பெண் நல்ல பெண்தான். ஆனால் ஒரு வளையம்கூட ஒட்டினதில்லை. இரண்டடியில் எந்தப் பொடி ஓடும்?

அவள் பக்கத்துத் திரைக்குள் ஒரு முழங்கால்காரருக்குக் கரண்ட் வைக்கப் போயிருந்தாள். கையை நீட்டித் தண்டைப் பிடித்து இழுத்தேன். உருளைக் கால் சத்தமில்லாமல் வந்தது. சூடு கொஞ்சம் ஏறியது. அவள் காலடிச் சத்தம் கேட்டதும் தள்ளிவிட்டேன்.

அடுத்த நாள் இன்னும் கொஞ்சம். அதற்கடுத்த நாள் இன்னும் கொஞ்சம். கன்னம் சிவந்திருப்பதைப் பார்த்து அவள் கேட்டபோது, "வெயில்ல நடந்து வந்தேன்" என்றேன். பஸ் ஜன்னலில் முகத்தைப் பார்த்தால் இடது பக்கம் உயிர் வந்தது போலத் தோன்றியது. சிவப்பை உயிர் என்று நினைத்துக்கொண்டேன்.

கடைசியாக இழுத்த அன்று விளக்கு கன்னத்துக்கு ஒரு சாண் தூரத்தில் இருந்திருக்கும். எரிந்தது. பொறுத்துக்கொண்டேன். எரிச்சலை மருந்தின் கசப்பு என்று எடுத்துக்கொண்டேன். கொஞ்ச நேரத்தில் எரிச்சல் பழகிவிட்டது. அப்போது ஒரு வாசனை வந்தது, மயிர் கருகும் வாசனை. வேறு யாராக இருந்தாலும் துள்ளி எழுந்திருப்பார்கள். என் பட்டறையில் மீசையும் புருவமும் தினம் கொஞ்சம் கருகும். அந்த வாசனையில்தான் நான் வேலை செய்வேன். அது வந்ததும் மனதுக்கு நிம்மதியாகிவிட்டது. ஆகா, சூடு ஏறிவிட்டது, இனிமேல் ஓடும் என்று நினைத்தேன்.

திரை விலகியது. "ஐயையோ!" என்று வசந்தா கத்தியதுதான் கேட்டது.

காதோரத்திலிருந்து கன்னம் வரைக்கும் காய்ச்சிய பாலின் ஆடை போலத் தோல் எழும்பியிருந்தது. ஈரத் துணியை வைத்துக்கொண்டே அவள் அழுதாள். பெரிய டாக்டர் வந்தார். என் முகத்தைப் பார்த்தார், விளக்கைப் பார்த்தார், எல்லாருக்கும் முன்னால் அவளைப் பிடித்துத் திட்டினார். மராத்தியில் திட்டினாலும் திட்டு திட்டுதான், எனக்குப் புரிந்தது. 

"நான்தான் இழுத்தேன்" என்றேன். வெளிப் பெஞ்சில் காத்திருந்து, சத்தம் கேட்டு ஓடிவந்த மைதீன் அதை இந்தியில் சொன்னார். டாக்டர் என் தோளைத் தட்டினார்.

"நல்ல மனசுக்காரனாம் நீரு. அந்தப் புள்ளயக் காப்பாத்தப் பாக்குதீராம்" என்றார் மைதீன்.

"யோவ், நெசமாத்தான் வே. என் கையால இழுத்தேன்."

அதையும் சொன்னார். எந்தக் கிறுக்கனாவது தன் முகத்துக்குத் தானே நெருப்பை இழுத்துக்கொள்வானா என்று டாக்டர் கேட்டாராம். மைதீனுக்கே என்மேல் சந்தேகமாக இருந்தது. "இவ்வளவு நாளும் நீரு விட்ட கதைய எல்லாம் ஊரு நம்புச்சு. இன்னைக்கு மொத மொதலா உண்மையச் சொல்லுதீரு, ஒருத்தன் நம்ப மாட்டேங்கான். நானும் சேத்துத்தான் சொல்லுதேன்."

இசக்கிக்குச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். தலையைக்கூட வாராமல் வந்தாள். என் கன்னத்தைப் பார்த்தாள். விளக்கின் உருளைக் காலைப் பார்த்தாள்.

"பொடி ஓடலன்னு கிட்ட இழுத்தியளா?" என்று கேட்டாள்.

நான் தலையாட்டினேன். விளக்கை இழுத்ததை யாரும் அவளுக்குச் சொல்லவில்லை. அவளும் பட்டறைக்காரிதான், நான் ஒட்டிய கொலுசை எல்லாம் பூந்திக்கொட்டையில் ஊறப்போட்டுத் தேய்த்துப் பளபளக்க வைப்பவள் அவள். வசந்தாவின் பக்கம் திரும்பி, பொடி என்றால் என்ன, சுடர் என்றால் என்ன, இந்த மனுஷன் எப்படிப்பட்ட ஆள் என்று எல்லாவற்றையும் சொன்னாள். கடைசி விஷயத்துக்குத்தான் அதிக நேரம் எடுத்தாள். வசந்தா மூக்கைத் துடைத்துக்கொண்டு அதை டாக்டருக்கு இங்கிலீஷில் சொன்னாள். டாக்டர் என்னைப் பார்த்து மெதுவாக ஒன்று சொன்னார். அதை மைதீன் மொழிபெயர்க்கவே வேண்டியிருக்கவில்லை. இது கன்னம், வெள்ளி இல்லை.

மறுநாளிலிருந்து அந்த விளக்கின் காலைப் பாண்டேஜ் துணியால் சுவரோடு கட்டிவிட்டார்களாம். விளக்குக்கு ஒரு கட்டு, எனக்கு ஒரு கட்டு.

புண் சீழ் பிடித்தது. காய்ச்சல் வந்தது. வார்டில் சேர்த்தார்கள். தினமும் பெனிசிலின் ஊசி. போடும்போது இடுப்பில் ஆணி இறக்குவது போல இருக்கும். ஆனால் வலி பெரிய விஷயமில்லை. புண் ஆறும்வரை தடவவும் கூடாது, கரண்டும் கூடாது, விளக்கும் கூடாது. அத்தனை நாளும் சதை சும்மா கிடக்கும். ஆறினபின் தழும்பு இழுத்துக்கொண்டால் என்ன ஆகும் என்று கேட்டேன். பார்க்கலாம் என்றார்கள். ஆஸ்பத்திரியில் 'பார்க்கலாம்' என்ற சொல்லைப் போலப் பயங்கரமானது எதுவும் இல்லை. இடது கண்ணைப் பிளாஸ்திரி ஒட்டி மூடித்தான் தூங்கவைத்தார்கள். தூக்கத்தில் அது பிரிந்துகொண்டால் என்ன செய்வது என்ற பயத்திலேயே தூங்கவில்லை.

பக்கத்துக் கட்டில்காரர்கள் நான் வேடிக்கையான ஆள் என்று யார் சொல்லியோ கேள்விப்பட்டு, ஒரு முகம் காட்டச் சொன்னார்கள். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன். அது எந்த வேஷத்திலும் சேராத முகம்.

இசக்கி தினமும் பார்வையாளர் நேரத்துக்கு வருவாள். கஞ்சியைக் கொண்டுவந்து, கட்டிலின் வலது பக்கம் சுற்றி வந்து உட்காருவாள். இடது பக்கமிருந்து ஊட்டினால் ஒழுகும், நான் கூச்சப்படுவேன் என்று அவளுக்குத் தெரியும். அதைச் சொல்லிக்காட்டினதே இல்லை. வெளியே வாங்கச் சொன்ன மருந்தை எப்படி வாங்கினாள் என்று கேட்டால், "வாங்கிட்டேன்லா, சவத்த விடுங்க" என்பாள். அவள் காதில் கம்மலுக்குப் பதில் வேப்பங்குச்சி இருந்தது. கம்மல் நான் செய்தது. சட்டத்துக்கு முந்தின தங்கம்.

தீவாளி அன்றும் வந்தாள். வெளியே வெடிச் சத்தம். முந்தானையில் முடிந்துவைத்திருந்த சின்ன சீசாவை எடுத்து, ஒரு விரல் நல்லெண்ணெயை என் உச்சியில் வைத்துத் தேய்த்தாள். ஆஸ்பத்திரியில் எண்ணெய்க் குளியலுக்கு அவ்வளவுதான் முடியும்.

"சேட்டு ஆளு வந்தான்" என்றாள். "வெள்ளிய எடுத்துக்கிட்டுப் போயிட்டான்."

"நீ என்ன சொன்ன?"

"எடையச் சரியாப் பாத்துக்கோன்னேன்."

ஏதாவது ஒரு வேடிக்கை சொல்ல வாயைத் திறந்தேன்.  இமைக்காத இடது கண்ணில் எப்போதும் தண்ணீர் வழிந்துகொண்டே இருந்ததால், அழுதாலும் யாருக்கும் தெரியாது என்ற ஒரு வசதி எனக்கு இருந்தது. அன்றைக்கு வலது கண் காட்டிக்கொடுத்துவிட்டது. அவள் முந்தானையால் இரண்டையும் துடைத்தாள், இரண்டும் ஒன்றுதான் என்பது போல.

வீட்டுக்கு வந்தபின் குழாயடிக்குப் போனேன். யாரும் சிரிக்கவில்லை. எனக்கு வழிவிட்டு ஒதுங்கி நின்றார்கள். முதல் நாள் சிரிப்பே பரவாயில்லை என்று தோன்றியது.

புண் ஆறியது. காதோரத்தில் மட்டும் ஒரு தழும்பு நின்றது. மறுபடி சேக் அறைக்குப் போனேன். கண்ணில் பஞ்சை வைக்கும் முன்பு வசந்தா, "ரெண்டு கையையும் தொடைக்கு அடியில வெச்சுக்கோங்கோ" என்றாள். வைத்துக்கொண்டேன். துணைக்கு வந்த இசக்கி என் தலைமாட்டில் நின்றாள். உதட்டின் ஓரத்தை வசந்தா எப்படிப் பிடிக்கிறாள், எவ்வளவு அழுத்துகிறாள் என்று விளக்கை விட்டுவிட்டு விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வீட்டிலும் கண்ணாடி முன்னால் பயிற்சி செய்ய வேண்டும்: கன்னத்தை உப்பவேண்டும், உதட்டைக் குவிக்கவேண்டும், பல்லைக் காட்டவேண்டும். எனக்கு மனசில்லை. மைதீன் என்னைத் தன் பட்டறைக்கு இழுத்துக்கொண்டு போனார். "ஒத்தைல செஞ்சாத்தான வெக்கம்? லே, எல்லாரும் தையல நிப்பாட்டுங்கலே. அண்ணாச்சிகூடச் சேந்து கன்னத்த உப்புங்க." வரிசையாக உட்கார்ந்து தோல் தைத்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் கன்னத்தை உப்பினார்கள். வாசலில் பெட்டிக்கு விலை கேட்க வந்தவர் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டுப் பேசாமல் போய்விட்டார். மைதீன் கவலைப்படவில்லை. ஒரு நாள் அந்த வரிசையில் எவனோ, "அண்ணாச்சி, ஒங்க மூக்கோரம் ஆடுது!" என்று கத்தினான். ஊசியைப் போட்டுவிட்டு எல்லாரும் என் மூக்கைப் பார்த்தார்கள். அது மறுபடி ஆடியது. ஈ உட்கார்ந்தால் மாடு தோலைச் சிலிர்க்குமே, அவ்வளவுதான்.

அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக வந்தது. கண் மூடியது. நெற்றியில் ஒரு கோடு விழுந்தது. மெழுகுவர்த்திச் சுடர் ஆடியது, ஆனால் அணையவில்லை. உதட்டின் இடது ஓரம் மட்டும் கடைசிவரை ஒட்டவில்லை. ஒரு நாள் வசந்தா கேஸ் பேப்பரில் எழுதிவிட்டு, "இப்போதைக்கு இவ்வளவுதான், மாமா. இனிமே வீட்டுலயே பண்ணுங்கோ" என்றாள். அவள் என்னை மாமா என்று கூப்பிட்டது அன்றைக்குத்தான். நல்ல செய்தியாக இருந்திருந்தால் கூப்பிட்டிருக்க மாட்டாள்.

வேலைக்கு வழி என்ன என்று தெரியவில்லை. செம்பூரில் ஒரு கட்டடத்துக்கு வாட்ச்மேன் கேட்கிறார்கள் என்று மைதீன் சொன்னார். போகிறேன் என்றேன். 

போகவேண்டிய நாளுக்கு முந்தின நாள் மைதீன் ஒரு கொலுசைக் கொண்டுவந்து பட்டறைமேல் போட்டார். ஒரு வளையம் விட்டுப்போயிருந்தது. "எம் மவ கொலுசு வே. சேட்டு வெள்ளி இல்ல, பயப்படாதிரும். கெட்டுப்போனா அவ மூளியாட்டம் திரியட்டும்." சொல்லிவிட்டு நிற்காமல் போய்விட்டார்.

விளக்கை ஏற்றினேன். பொடி வைத்தேன். குழலை வாயில் வைத்து ஊதினேன். காற்று இடது ஓரமாக நழுவியது. சுடர் வளைந்து, கொலுசைத் தொடாமல் நின்றது. மறுபடி ஊதினேன். வெள்ளி கறுத்தது. பொடி பொடியாகவே இருந்தது. சுடரைக் கிட்டே கொண்டுபோனேன், இன்னும் கிட்டே. சட்டென்று கையை நிறுத்தினேன். இந்தத் தடவை குறை தூரத்தில் இல்லை என்று எனக்கே தெரிந்தது.

மூலையில் பழைய கொலுசு எதையோ தேய்த்துக்கொண்டிருந்த இசக்கி எழுந்தாள். கையில் இருந்த பூந்திக்கொட்டை நுரையைக் கழுவித் துடைத்தாள். என் இடது பக்கம் வந்து உட்கார்ந்தாள். வசந்தா பிடித்த அதே இடத்தில், அதே இரண்டு விரலால், உதட்டோரத்தை அழுத்திப் பிடித்தாள்.

"ஊதுங்க."

ஊதினேன். மூக்கால் வாங்கி, கன்னத்தில் நிறுத்தி, தள்ளினேன். காற்று நழுவவில்லை. சுடர் ஊசி போலக் கூர்மையாகி நேராகப் போய் வளையத்தின் வாயில் நின்றது. வெள்ளி சிவந்தது. பொடி அசைந்தது. பளிச்சென்று ஓடியது.

இரண்டு பேரும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். குழலை எடுத்துக் கீழே வைத்தேன். செம்பூருக்கு வாட்ச்மேன் கிடைக்கமாட்டான் என்று சொல்லவேண்டும் போல இருந்தது. ஆனால் அவள் விரல் உதட்டிலேயே இருந்தது. தலையை ஆட்டிக் காட்டினேன். எடுக்கவில்லை. கண்ணால் கேட்டேன்.

"இருங்க, இருங்க" என்றாள் இசக்கி. "கல்யாணமான நாள்லேருந்து இந்த வாய மூடப் பாக்குதேன். இன்னைக்குத்தான் கைக்கு வந்திருக்கு. கொஞ்ச நேரம் பேசாம இருங்க."